சீனாவில் ஆங்கிலத்தில் டாக்டர் படிப்பு: பணம் கட்டுமுன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வந்து கொஞ்ச நாளிலேயே கண்டி டவுனில் நோட்டீசுகள் கைக்கு வந்துவிடும். "சீனாவில் ஆங்கில மொழியில் எம்.பி.பி.எஸ்." என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதை மடித்து வைத்துக்கொண்டு, "இது நெசந்தானா?" என்று கேட்கிற பெற்றோர் கலஹா, தெல்தோட்டை, மடுல்கலைப் பக்கம் நிறையப் பேர். நெசந்தான். ஆனால் நோட்டீசில் போடாத விசயங்கள் பல இருக்கின்றன.

நம்ம பிள்ளைகளுக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்பது தெரிந்ததே. இசட் புள்ளி கொஞ்சம் குறைந்தால் பேராதனை மருத்துவ பீடம் கைவிட்டுப் போய்விடும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டில் நுவரெலியாவுக்குப் பங்கு உண்டு, கண்டி மாவட்டத்துக்குக் கிடையாது. ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளையும் கண்டியின் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

சீனாவில் இந்தப் படிப்பு 6 வருடம். அதில் கடைசி ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. வெளிநாட்டு மாணவருக்கு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்க எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி இல்லை. 2007இல் சீனக் கல்வி அமைச்சு இதற்கு விதிகள் போட்டு, முதலில் 30 பல்கலைக்கழகங்களை அனுமதித்தது. 2022இல் அந்தத் தொகை 45. இதற்கு வெளியே உள்ள இடத்தில், "பாதி சீனம், பாதி ஆங்கிலம்" என்று சேர்த்துவிடும் ஏஜென்சிக்காரர் உண்டு. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பட்டியலில் உள்ள பல்கலைக்கழகமே கிடைத்துவிட்டது என்று வைப்போம். "எல்லாம் இங்கிலீஷ்லதான், ஒண்ணும் பயப்படாதீங்க" என்பார்கள். விரிவுரை ஆங்கிலத்தில்தான். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு அதுவே முதல் மலை. பேராதனைக்குப் போனாலும் அந்த மலையை ஏறத்தான் வேண்டும், ஆனால் அங்கே பக்கத்தில் தமிழ் பேசும் அண்ணன், அக்காமார் இருப்பார்கள். சீனாவில் ஆசிரியரின் உச்சரிப்பே பழக மாதக்கணக்காகும்.

இரண்டாவது மலை ஆஸ்பத்திரி வார்டு. வயிற்றுவலியோடு வந்த சீனக் கிழவிக்கு ஆங்கிலம் தெரியுமா? அவர் சீனத்தில்தான் சொல்லுவார். சீன மொழியில் குரலை ஏற்றி இறக்குவதிலேயே அர்த்தம் மாறும். "மா" என்று ஒரு விதமாகச் சொன்னால் அம்மா, இன்னொரு விதமாகச் சொன்னால் குதிரை, வேறொரு விதத்தில் திட்டுவது. அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் எச்.எஸ்.கே. என்ற சீன மொழிப் பரீட்சையில் 4ஆம் படியைக் கேட்கின்றன. நீண்ட காலமாக அதற்கு 1,200 சொற்கள் என்று கணக்கு. மொழியைத் தட்டிக் கழித்த பிள்ளை வார்டில் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் வரும்.

அப்படி வருகிற பட்டத்தின் கதி என்ன? இந்தியாவைப் பார்ப்போம். 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவிட்டு இந்தியத் தகுதிப் பரீட்சை எழுதியவர்கள் 40,417 பேர். சித்தியடைந்தவர்கள் 6,387 பேர்தான். இதை 2022இல் பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகமே வெளியிட்டது.

நம் நாட்டிலும் பட்டத்தைக் கொண்டுவந்தால் உடனே டாக்டர் இல்லை. இலங்கை மருத்துவ சபை நடத்தும் இ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன்பிறகே அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி. பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு போதுமா, அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டதா என்று மருத்துவ சபையிடமே எழுத்தில் கேட்டு, பதில் வந்தபிறகு காசைக் கட்டுங்கள். ஏஜென்சிக்காரரின் வாய்ச்சொல் ஆறு வருடம் கழித்து உதவாது.

காசு விசயத்தில் ஒரு ஆபத்து. கட்டணம் சீன யுவானில். 2022 ஆரம்பத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதம் 360 ரூபாய்க்குப் போனது. யுவானும் கூடவே ஏறியது. பல்கலைக்கழகம் ஒரு சதம் கூட்டாமலே, பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகளின் செலவு ரூபாயில் வெகுவாகக் கூடிவிட்டது. சேமலாப நிதியை எடுத்து, நகையை அடகு வைத்து முதல் வருடத்தைக் கட்டிவிடலாம். மூன்றாம் வருடத்துக்கு எது என்று இப்போதே கணக்குப் பாருங்கள். மாணவர் விசாவில் போகிறவர் அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. "பார்ட் டைம் செஞ்சு கட்டிக்குவான்" என்ற பேச்சு வேண்டாம்.

கொரோனாவையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் சீனா எல்லையை மூடியது. மாணவர்களைத் திரும்ப விட்டது 2022 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலத்தில் ஊருக்கு வந்திருந்தவர்கள் போன் திரையில் மருத்துவம் படித்தார்கள்.

சீன அரசாங்கப் புலமைப்பரிசிலும் உண்டு. கட்டணம், தங்குமிடம், மாதச் செலவு எல்லாம் கிடைக்கும். முதல் பட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சீன மொழியிலேயே படிக்க வேண்டும். அதற்கென்று ஒரு வருடம் மொழி கற்பிப்பார்கள். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் நடுவில் தடுமாறுவதைவிட, கையில் காசில்லாத கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது நல்ல வழி என்றே எனக்குப் படுகிறது. மருத்துவம்தான் என்றில்லை, பொறியியல், விவசாயமும் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் கன்பூசியஸ் நிறுவனத்தில் சீன மொழி கற்கலாம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் மாதங்கள் அதற்குத் தோதானவை.