கழற்றி எறியாதீங்க சார்!

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற வழியில், மயிலம் முருகன் கோயிலுக்குப் பிரிகிற இடம் கூட்டேரிப்பட்டு. என் பழைய குட்டிக் கார் அங்கேதான் மூச்சை நிறுத்தியது. டெம்பரேச்சர் முள் சிவப்பில்! பானெட்டைத் திறந்தால் பிரஷர் குக்கர் மாதிரி ஆவி.

ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். "மூஞ்சி வெந்துடும் சார், ஆறட்டும்!" என்று தடுத்தார் பக்கத்துக் கடை மெக்கானிக். ஆறியதும் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் கொதிக்குது... ரேடியேட்டரோ ஜில்லுன்னு இருக்கு!

"தெர்மோஸ்டாட் மூடினபடியே மாட்டிக்கிச்சு. கழற்றிப் போட்டுடறேன். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?"

இங்கேதான் பலர் தலையாட்டிவிடுகிறோம்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு மெழுகு டப்பாவும் வால்வும்தான். 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி, உப்பி, வால்வைத் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது. கத்திரி வெயிலே 40 சொச்சம் டிகிரிதானே? இன்ஜினைக் கேட்டால் அது மார்கழி! வால்வைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் குடிக்கும், சிலிண்டரும் தேயும்.

வழியில் கழற்றினால் பரவாயில்லை. வீடு சேர்ந்ததும் புதுசு மாட்டிவிடுங்கள். மெழுகு டப்பா இன்ஜின் பக்கம் இருக்கணும். புது கேஸ்கெட், கூலன்ட் அவசியம். மாட்டுமுன் வெந்நீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். கொதிக்கும் முன்பே திறக்க வேண்டும்.

நானும் பார்த்தேன். அழகாகத் திறந்தது. அம்மாவுக்குத்தான் புதுப் பால் பாத்திரம் வாங்கித் தர வேண்டியதாயிற்று.