புது வேகமானியும் பழைய லாரியும்

நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்பட்ட லாரிகளைக் காணாத நெடுஞ்சாலை இந்நாட்டில் அரிது. அவற்றை ஓட்டுவோரும் உடையோரும் பிற மாநிலங்களில் வாழும் நம் நேயர்களுள் பலர் உளர். ஆதலின் அவர்தம் தொழிலுக்கு வேண்டிய ஒரு சிறு கருவியைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

வழியில் வேகமானி பழுதாகிவிடுகிறது. கடைத்தெருவில் கிடைத்த வேறொன்றை வாங்கிப் பூட்டுகிறோம். முள் அசைகிறது, வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். முள் அசைவது வேறு, மெய் கூறுவது வேறு. அறுபதில் ஓடும் லாரிக்கு ஐம்பது என்று காட்டும் மானியை நம்பி, முழுப் பாரத்துடன் மலைப்பாதையில் இறங்குவோர் நிலை என்னாகும்? தூரத்தைக் குறைத்துக் காட்டினால் தொல்லை வேறு விதம். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடிய வண்டி கணக்கில் மூன்றரையாகத் தோன்றும். களவாடாத டீசலுக்கு ஓட்டுநர் பதில் சொல்ல நேரும்.

கேபிளால் இயங்கும் மானியின் அமைப்பு எளியது. 1902இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ஸ காப்புரிமை பெற்ற முறையே அது. கியர்பாக்ஸின் பின்தண்டிலிருந்து வரும் கேபிள் மானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதனைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் உண்டு. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் எழுந்து, அதனையும் உடன் இழுக்கும். மெல்லிய சுருள்வில் எதிர்த்துப் பிடிக்கும். இவ்விரு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். தூரம் காட்டும் எண்களோ காந்தத்தைச் சார்ந்தவை அல்ல. பற்சக்கரங்களால் நேரே உருளுபவை. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

மானியின் முகத்தில் பெரும்பாலும் ஒரு சிறிய எண் பொறித்திருக்கும். 1000 என்றிருந்தால், வண்டி ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் கேபிள் ஆயிரம் முறை சுழல வேண்டும் என்பது பொருள். மைல் காட்டும் பழைய மானியாயின் அந்த ஆயிரம் ஒரு மைலுக்கு உரியது, கிலோமீட்டருக்கு 621தான்.

இனி, நம் வண்டியின் கேபிள் எத்தனை முறை சுழல்கிறது? சமதரையில் லாரியை நிறுத்துக. டயரில் உரிய காற்றும், வண்டியில் வழக்கமான பாரமும் இருத்தல் வேண்டும். பாரம் ஏறினால் டயர் நசுங்கி, ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறையும். பின்சக்கரத்திலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிடுக. மானியிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் முனையில் சிறு காகிதக் கொடி ஒன்றைக் கட்டுக. லாரியை நேராக, மிக மெதுவாக, சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் வரை நகர்த்துக. ஒருவர் கேபினில் அமர்ந்து கொடியின் சுற்றுகளை எண்ணட்டும்.

பத்துக்கு இருபது அங்குல டயர் பத்துச் சுற்றில் ஏறத்தாழ 32 மீட்டர் செல்லும். அதற்குள் கேபிள் 40 முறை சுழன்றது என்க. அவ்வாறாயின் கிலோமீட்டருக்கு 1250 சுற்று. மானி கேட்பது 1000. ஆகவே 60 கிலோமீட்டர் வேகத்தில் முள் 75ஐக் காட்டும். ஐந்து சுற்று உட்புகுந்தால் நான்கு சுற்று வெளிவரும் சிறு பல்லிணைப் பெட்டியைக் கேபிளின் இடையில் பொருத்துவதே தக்க பரிகாரம். வேறுபாடு சிறிதாயின் கியர்பாக்ஸில் கேபிளை இயக்கும் பினியனையே ஓரிரு பல் கூடியதாகவோ குறைந்ததாகவோ மாற்றிக்கொள்ளலாம். சிலர் முள்ளைப் பிடுங்கித் தம் விருப்பம்போல் மீண்டும் செருகுகின்றனர். ஒரு வேகத்தில் மட்டும் சரியாகி ஏனைய வேகங்களில் பொய்க்கும் அவ்வித்தையை நாம் ஏற்பதற்கில்லை.

பின்னர்ச் சாலையில் சோதிக்க வேண்டும். முள்ளை அறுபதில் நிலையாக நிறுத்தி, கிலோமீட்டர் கற்களைக் கொண்டு ஐந்து கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை உடன் வருபவர் குறிக்கட்டும். சரியான மானியாயின் ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் இருபத்தேழு வினாடி ஆயின் உண்மை வேகம் 55. கைபேசியின் செயற்கைக்கோள் கணக்கும் இதற்கு நல்ல துணை. தூர எண்ணும் முள்ளும் ஒரே விகிதத்தில் பிழைத்தால் குற்றம் பற்சக்கர விகிதத்தில் உள்ளது. தூரம் சரியாயிருந்து முள் மட்டும் பிழைத்தால் காந்தமோ சுருள்வில்லோ தளர்ந்தது. அது மானி பழுதுபார்ப்போர் கைக்குரிய வேலை. முள் நடுங்கினாலோ கேபிள் உலர்ந்திருக்கும், அல்லது மிகவும் வளைந்திருக்கும். தேய்ந்த டயரால் முள் இரண்டு மூன்று விழுக்காடு கூட்டிக் காட்டுவது இயல்பு. பெரிய டயரால் குறைத்துக் காட்டுவதே அஞ்சத்தக்கது. உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டலாகாது என்பதே வேகமானி பற்றிய ஐக்கிய நாடுகள் 39ஆம் விதியின் கருத்தும் ஆகும்.

புதிய லாரிகளில் கேபிள் இல்லை. கியர்பாக்ஸிலுள்ள உணரி மின்துடிப்புகளை அனுப்புகிறது. தண்டின் ஒரு சுற்றுக்கு எட்டுத் துடிப்பும், கிலோமீட்டருக்கு 1875 சுற்றும் ஆயின், மானியில் பதிய வேண்டிய எண் 15,000. கணக்கு மாறவில்லை, ஸ்பானருக்குப் பதிலாகச் சோதனைக் கருவி வந்திருக்கிறது. பல வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே துடிப்பையே நம்புவதால், எண்பதில் தடுக்க வேண்டியது தொண்ணூறில் தடுக்கும் அபாயம் உண்டு. டயரின் அளவு மாறினால் இவ்வெண்ணையும் மாற்றுதல் வேண்டும்.

கழற்றிய மானியின் கடைசித் தூர எண், புதியதன் தொடக்க எண், மாற்றிய நாள் ஆகிய மூன்றையும் வண்டிப் புத்தகத்தில் எழுதி, உடையவரும் ஓட்டுநரும் கையொப்பமிட்டுக்கொள்வது நன்று.