பழைய மோட்டார் வண்டிகளில் எர்த் இணைப்பு

பழைய மோட்டார் வண்டியொன்று காலையில் எளிதில் கிளம்பவில்லையெனில், பழி பெரும்பாலும் பாட்டரியின் மீதே விழுகிறது. புதிய பாட்டரி வருவிக்கப்படுகிறது; சில நாட்கள் வண்டி ஓரளவு கிளம்புகிறது; பின்னர் பழைய தொல்லை மீண்டும் தலைகாட்டுகிறது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் குறை பாட்டரியில் இருப்பதில்லை. மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழியில் இருக்கிறது. எர்த் இணைப்பு எனப்படுவது அவ்வழியே ஆகும். பழுது பார்க்கும் நிலையங்களுக்கு நெடுந்தொலைவில் பணியாற்றுவோர் இக்குறையைத் தாமே கண்டறிந்து நீக்கலாம்.

திரும்பும் வழி

‘எர்த்’ என்ற பெயர் இருப்பினும் இதற்கும் நிலத்திற்கும் தொடர்பில்லை. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து விளக்கு முதலியவற்றிற்குக் கம்பிகள் செல்கின்றன. அம்மின்சாரம் திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடலே கம்பியாகப் பயன்படுகிறது. உலோக உறையுள்ள டார்ச் விளக்கிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். அதன் மூடியின் மரையில் துரு ஏறினால் ஒளி மங்குவதையும், உப்புத்தாளால் தேய்த்தபின் தெளிவடைவதையும் ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

என்ஜினைப் பொறுத்தவரை ஒரு விசேஷ ஏற்பாடு தேவைப்படுகிறது. உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாஸிடர் போன்ற வண்டிகளில், அதிர்வைத் தணிப்பதற்காக என்ஜின் ரப்பர் திண்டுகளின் மீது பொருத்தப்பட்டுள்ளது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே என்ஜினையோ கியர்ப் பெட்டியையோ வண்டியின் உடலுடன் இணைக்கப் பின்னிய செப்புப் பட்டை ஒன்று அமைக்கப்படுகிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் இப்பட்டை வழியாகவே திரும்ப வேண்டும். பட்டை அறுந்து போனால் மின்சாரம் சோக் கம்பி, ஆக்ஸிலரேட்டர் கம்பி போன்ற மெல்லிய பாகங்களின் வழியே பாய முற்படும். அவை கடுமையாகச் சூடேறித் தீ விபத்தும் நேரக்கூடும்.

குறை மறைந்திருப்பது ஏன்?

ஸ்டார்ட்டர் சுழலும்போது 150 ஆம்பியர் பாய்வதாகக் கொள்வோம். பாட்டரியை உடலுடன் சேர்க்கும் இணைப்பில் அழுக்கினால் 0.01 ஓம் தடை ஏற்பட்டிருப்பின், ஓம் விதிப்படி 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிறது. 225 வாட் அளவு வெப்பமும் உண்டாகிறது. ஆனால் அதே இணைப்பின் வழியே 4 ஆம்பியர் மட்டும் பாயும் விளக்கிற்கு ஏற்படும் இழப்பு 0.04 வோல்ட்தான். ஆதலால் விளக்கு நன்றாக எரியும்; வண்டியோ கிளம்பாது. இத்தனை சிறிய தடையைச் சாதாரண ஓம் மானி காட்டாது. பெரும் மின்னோட்டம் பாயும்போது அளந்தால்தான் குறை வெளிப்படும்.

சோதனை

கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். பெட்ரோல் வண்டியாயின், என்ஜின் ஓடத் தொடங்காதிருக்க இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கழற்றி, அதன் நுனி எதிலும் படாதவாறு வைக்க வேண்டும். வோல்ட் மானியின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் பக்கத்து ஈயத் தலையிலும், மற்றதை என்ஜினில் வண்ணம் பூசப்படாத ஓரிடத்திலும் அழுத்திப் பிடித்து, வேறொருவரைச் சில விநாடிகள் ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்ல வேண்டும். முள் பின்னோக்கி நகர்ந்தால் முனைகளை மாற்றிக் கொள்க. அளவு 0.2 வோல்ட் அளவில் இருப்பின் இணைப்பு நன்று, 0.5 வோல்ட்டைத் தாண்டினால் பழுதென்று கொள்ளலாம். பின்னர் ஈயத் தலைக்கும் அதன் பிடிக்கும் இடையிலும், பிடிக்கும் உடலுக்கும் இடையிலும், உடலுக்கும் என்ஜினுக்கும் இடையிலும் தனித்தனியே இவ்வாறே அளந்தால் பழுதுற்ற இடம் தெரிந்துவிடும்.

செப்பனிடும் முறை

பாட்டரியிலிருந்து வாயு வெளிப்படுமாதலால் அருகில் நெருப்பு கூடாது. முதலில் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்ற வேண்டும். எந்த முனை எர்த் ஆகியுள்ளது என்பதைக் கவனித்துக் குறித்துக் கொள்வது அவசியம். 1950-களில் பிரிட்டிஷ் முறைப்படி அமைந்த வண்டிகள் பலவற்றில் நேர்முனையே எர்த் ஆக இருந்தது. முனைகளில் படிந்துள்ள உப்பைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவித் துடைக்க வேண்டும். பட்டையின் இரு நுனிகளையும், அவை பொருந்தும் இடங்களையும் உப்புத்தாளால் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷருடன் இறுக முடுக்குக. முடுக்கிய பின்னரே ஈரம் புகாதவாறு வாஸலைன் தடவ வேண்டும்.

பட்டையின் இழைகள் அறுந்திருப்பின் மாற்றிவிடுவதே நன்று. 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத பின்னிய செப்புப் பட்டை ஏற்றது. பழைய வண்டிகளில் இரண்டாவது பட்டையொன்றைச் சேர்ப்பதும் நற்பயன் தரும். என்ஜின் ரப்பர் திண்டின் மீது அசைவதால் பட்டையைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும். புகைக்குழாயில் அது படலாகாது. பாட்டரியின் எர்த் கம்பியைக் கடைசியாகப் பூட்ட வேண்டும்.

இறுதியில் முன்போலவே மீண்டும் அளந்து, குறை நீங்கியதை உறுதி செய்து கொள்க. காயிலின் கம்பியையும் மறவாது பூட்டுக. புதிய பாட்டரிக்கு எழுதுமுன் இச்சோதனையைச் செய்வோர் வீண் செலவைத் தவிர்ப்பர். உதவி கிட்டாத இடத்தில் வண்டி நின்றுவிடும் இடரினின்றும் தப்புவர்.