ஏரிக்கரையில் புல் பதிக்குமுன் மண்ணைப் பக்குவப்படுத்தும் முறை

ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிரிடும் கிராமங்களில், குடிகளின் பொதுச்சொத்துக்கள் யாவற்றிலும் முதன்மையானது ஏரிக்கரையே. அக்கரைக்குள் தேங்கும் ஜலத்தைக் கொண்டே நாற்று விடுவதும், நடவு செய்வதும், சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணை தவறாது செலுத்துவதும் நடைபெறுகின்றன. கரை உடைந்தால் ஜலமும் போய்விடும். கீழுள்ள வயல்கள் மணல் மூடிப் பயிரும் போய்விடும். கடன் மாத்திரம் சங்கத்தின் ஏட்டில் நின்றுவிடும். 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் ஏரிகள் பல உடைந்து குடிகள் அடைந்த நஷ்டம் யாவரும் அறிந்ததே.

கரையின் உட்புறத்தை அலை மோதாமல் காப்பது அலைகல். வெளிப்புறச் சரிவை மழை அரிக்காமல் காப்பது புல். மழைத்துளி வெறும் மண்ணின்மீது விழும்போது மண்ணைத் தெறிக்கச் செய்கிறது. அந்த ஜலம் நூல் போன்ற கோடாக ஓடத் தொடங்கி, ஒரு மழைக்காலம் கழிவதற்குள் கால் புதையும் பள்ளமாகவும், இரண்டு மூன்று மழைக்காலங்களில் ஓர் ஆள் இறங்கி நிற்கக் கூடிய ஓடையாகவும் ஆகிவிடுகிறது. அறுகு அடர்ந்த கரையில் துளியின் வேகத்தைத் தாள்கள் தாங்கிக்கொள்கின்றன. மண்ணை வேர்கள் பிடித்துக்கொள்கின்றன.

ஆயினும் புல் பதித்த கரைகள் யாவும் பிழைத்துவிடுவதில்லை. பதித்த புல் முதல் மழையிலேயே பாய் சுருண்டது போலச் சரிந்து விழுவதும், கோடையில் காய்ந்து பொடியாவதும் பல இடங்களில் காணப்படுகின்றன. அப்பொழுது மழையின்மீதும் புல்லின்மீதும் குற்றம் சொல்லுவது வழக்கம். ஆராய்ந்து பார்த்தால் குற்றம் பெரும்பாலும் புல்லுக்கு அடியிலுள்ள மண்ணில் இருக்கும்.

அக்குற்றம் இருவகைப்படும். வெயிலில் இறுகி வழுவழுப்பான சரிவின்மீது புல்லைப் பரப்பினால், வேர் உட்செல்ல வழியின்றி, புல்லுக்கும் கரைக்கும் நடுவே ஜலம் புகுந்து ஓடும், புல் சரிந்துவிடும். இதற்கு மாறாக, பள்ளங்களில் மண்ணைக் கூடையால் கொட்டி அதன்மேல் புல்லைப் பதித்தால், முதல் மழையில் அம்மண் அமுங்கி, புல் தொங்கி வெடித்துப்போம். ஆகவே கரைக்குப் புல் பதிப்போர் கொள்ள வேண்டிய விதி இது: அடிமண் இறுகியிருக்க வேண்டும், மேல்மண் இளகியிருக்க வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். தோட்டத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ புல்தரை போடுகிறவர்கள் ஓரடி ஆழம் கொத்திப் புரட்டுவார்கள். கரையில் அவ்வாறு ஆழமாகக் கொத்துவது கரைக்கே கேடாகும்.

காலம்

மண் வேலையைச் சித்திரையில் தொடங்கி ஆனிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவத்தின் மழை இடையிடையே விழும்பொழுது புல்லைப் பதித்தால், ஐப்பசியில் வடகிழக்குப் பருவத்தின் பெருமழை தொடங்குமுன் வேர் பிடித்துவிடும். புரட்டாசிக் கடைசியில் அவசரமாகப் பதிக்கும் புல்லுக்கு வேர் பிடிக்க அவகாசம் இல்லை. அச்செலவு பெரும்பாலும் வீணே.

கரையைச் சோதித்தல்

முதலில் கரையின் வெளிச்சரிவு முழுவதையும் நடந்து பார்த்து, பழுதுள்ள இடங்களில் முளை அடித்து அடையாளம் செய்ய வேண்டும். பெருச்சாளி வளை, நண்டு வளை, மட்கிய வேர் விட்டுப்போன துவாரம், மாடுகள் ஏறி இறங்கிய தடம், மழை அறுத்த ஓடை ஆகியவை முக்கியமாகக் கவனிக்கத் தக்கவை. வளையின் வாயை மாத்திரம் மண் உருண்டையால் அடைப்பதில் பிரயோஜனமில்லை. அது செல்லும் வழியே இறுதிவரை வெட்டித் திறந்து, பிறகு கெட்டியாக நிரப்ப வேண்டும்.

வேர்விட்ட புதர்களையும் சீமைக்கருவேலையும் வேரோடு அகற்ற வேண்டும். மேலே வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டால் மறுபடி துளிர்க்கும். துளிர்க்காமல் மட்கினாலோ அதன் வேர் இருந்த வழியே ஜலம் செல்லத் துவாரம் ஏற்படும். பனை முதலிய பழைய மரங்களை உரிய அதிகாரிகளின் அனுமதியின்றித் தொடலாகாது.

ஏரியில் ஜலம் இருக்கும்பொழுது கரையின் வெளியடியில் கசிவு உண்டா என்பதையும் முன்னரே கவனித்து வைத்தல் நலம். கசியும் ஜலம் கலங்கலாக வந்தால், கரையின் உள்ளிருந்து மண்ணும் உடன் வருகிறது என்பதே அதன் பொருள். இத்தகைய இடத்தைப் புல்லால் மூடுவது நோயை மறைப்பதாகும். புல் இல்லாத கரையில் பழுது கண்ணுக்குத் தெரியும். பழுதின்மேல் புல் பதித்த கரையில் அது உடையும் நாளில்தான் தெரியவரும். ஆகவே கசிவைப் பொறியாளருக்கு உடனே தெரிவித்து, அது சீர்ப்பட்ட பின்னரே புல்லைப்பற்றி யோசிக்க வேண்டும்.

பள்ளங்களை நிரப்புதல்

ஓடைகளை நிரப்புமுன் அவற்றின் பக்கங்களைப் படிப்படியாக வெட்டிக்கொள்ள வேண்டும். சாய்வான பழைய மண்ணின்மீது புது மண்ணைப் போட்டால் அது வழுக்கிவிடும். படி வெட்டிப் போட்டால் பழைய மண் புது மண்ணைத் தாங்கிக்கொள்ளும். வெட்டிய பரப்பை நனைத்து, அரையடி கனத்துக்கு மேற்படாமல் மண்ணைப் பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும்.

மண்ணின் ஈரம் சரியா என்பதை அறிய ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்கலாம். உதிர்ந்துபோனால் ஈரம் போதாது. கையில் ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். உருண்டையாக நின்று, கையில் ஒட்டாமல் இருந்தால் திமிசு போடத் தக்க பதம்.

வெறும் மணல் நில்லாது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும். களிமண் கலந்த செம்மண் அல்லது வண்டல் ஏற்றது. மண்ணைக் கரையடியில் வெட்டி எடுக்கவே கூடாது. கரையடியில் எடுத்த ஒவ்வொரு கூடை மண்ணும் கரையின் காலைப் பறித்ததற்குச் சமானம். ஏரியின் உட்புறத்தில், கரையைவிட்டுத் தள்ளி, அதிகாரிகள் குறித்துக் கொடுக்கும் இடத்திலேயே எடுக்க வேண்டும்.

எடுக்கும் மண் கரைக்குத் தகுந்ததா என்பதை எவரும் எளிதில் சோதிக்கலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் மழைத்தண்ணீரை ஊற்றி, கோலிக்குண்டு அளவுள்ள மண்கட்டி ஒன்றை மெல்ல அதில் இட்டு, கலக்காமல் சற்று நேரம் வைத்திருக்க வேண்டும். கட்டி அவிழ்ந்து அடியில் தங்கி, மேலே ஜலம் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற மேகம் பரவினால் அம்மண் களர்த்தன்மை உடையது. ஜலத்தில் தானே கரைந்துபோகும். அதைக் கரைக்கு உபயோகிக்கலாகாது. காய்ந்தபின் மேலே வெள்ளையாகப் பூக்கும் உவர் மண்ணையும் தவிர்க்க வேண்டும்.

சரிவைத் திருத்துதல்

மண் கரைகளுக்குப் பெரும்பாலும் ஒரு முழ உயரத்துக்கு இரண்டு முழ அகலம் என்ற கணக்கில் சரிவு வைப்பது வழக்கம். அந்தந்தக் கரைக்குரிய அளவைப் பொறியாளரிடம் கேட்டறிய வேண்டும். இரண்டு முழச் சட்டத்தின் ஒரு முனையில் செங்குத்தாக ஒரு முழச் சட்டத்தை அடித்து, இரண்டின் மறுமுனைகளையும் ஒரு சாய்சட்டத்தால் இணைத்தால் முக்கோணச் சட்டம் கிடைக்கும். அதன் சாய்சட்டத்தைக் கரையின்மீது படிய வைத்து, மேலே நிற்கும் இரண்டு முழச் சட்டத்தின்மீது ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சரிவின் மேடு பள்ளம் உடனே விளங்கும்.

சரிவு ஒழுங்கானபின் மேற்பரப்பை இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் கொத்திவிட வேண்டும். கொத்தும் கோடுகள் கரையின் நீளவாட்டில், ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்ல வேண்டும். மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தால், மழைஜலத்துக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலாகும்.

மேல்மண் இடுதல்

கொத்திய பரப்பின்மீது மூன்று அங்குல கனத்துக்கு நல்ல மேல்மண் இட வேண்டும். மூன்று பங்கு ஏரி வண்டலும் ஒரு பங்கு நன்கு மட்கிய தொழுவுரமும் கலந்தால் போதும். மட்காத சாணத்தில் புழுக்கள் பெருகும். அவற்றைத் தேடிப் பன்றிகள் கரையைக் கிளறும். வண்டலைச் சித்திரை வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி எறிய வேண்டும். கரையில் இட்டபின் இரண்டொருமுறை ஜலம் தெளித்து, முளைக்கும் களைகளைப் பிடுங்கிவிட்டால் பிற்பாடு சிரமம் குறையும். பலகையால் மெல்லத் தட்டிப் படியவைப்பது அவசியம், திமிசு போடலாகாது. புல் பதிப்பதற்கு முந்தின நாள் மாலையில் மேல்மண் முழுவதையும் நனைத்து வைக்க வேண்டும்.

புல் பதித்தலும் காவலும்

அறுகு அடர்ந்த ஈரமான இடத்தில் ஓரடிச் சதுரமும் இரண்டு அங்குல கனமும் உள்ள கட்டிகளாக வெட்டி, அன்றைக்கே பதிக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் ஒரே இடத்தைச் சுரண்டாமல், ஒரு கட்டி விட்டு ஒரு கட்டியாக எடுத்தால் அங்கும் புல் மறுபடி மூடிக்கொள்ளும். கரையின் அடியிலிருந்து மேல்நோக்கி, செங்கல் கட்டடத்தைப்போல மூட்டின்மேல் மூட்டு வராதபடி அடுக்க வேண்டும். செங்குத்தான இடங்களில் கட்டிக்கு ஒரு மூங்கில் முளை அடித்து, இடுக்குகளைப் பொடிமண்ணால் நிரப்பித் தட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாட்களில் பூவாளியால் தெளிக்கலாம்; குடத்தால் கொட்டினால் மண் கரையும்.

வேர் பிடிக்கும்வரை ஆடு மாடுகள் கரையில் ஏறாதபடி முள்வேலியும் காவலும் வேண்டும். ஒரு கட்டியின் ஓரத்தைக் கையால் மெல்லத் தூக்கிப் பார்த்து, அது கரையைவிட்டு வராமல் இருந்தால் வேர் பிடித்தது என்று கொள்ளலாம். ஜனங்கள் கரையைக் கடந்து போகும் இடத்தில் கல்லால் படி அமைத்துவிட்டால் புதுத் தடங்கள் உண்டாகமாட்டா.

செலவும் பொறுப்பும்

ஒன்பதடி உயரமுள்ள கரைக்கு மேற்கண்ட சரிவு வைத்தால் சாய்வின் நீளம் சுமார் 20 அடி. நூறடி நீளத்துக்குப் பரப்பு 2,000 சதுர அடி. ஆகவே புல்கட்டிகள் 2,000 வேண்டும். மேல்மண் 500 கன அடி வேண்டும். வண்டிக்கு 20 கன அடி எனக் கொண்டால் 25 வண்டி. இவ்வாறு முன்னதாகவே கணக்கிட்டு, எந்தக் குடும்பம் எத்தனை ஆள் விடுவது, எவர் வண்டி கொடுப்பது என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவைத்தால் பிறகு வழக்குக்கு இடமிராது. துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின் பொது நல நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்குவதைப்பற்றியும் அங்கத்தினர் ஆலோசிக்கலாம்.

40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. எவ்வேலையும் அவர்களது அனுமதியோடும் மேற்பார்வையோடுமே நடைபெற வேண்டும்.

கரையைக் குடிகளே பேணுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. பிற்காலத்தில் குடிமராமத்து என வழங்கிய அவ்வழக்கத்தை வற்புறுத்தி 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டமும் இயற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அப்பெயராலேயே அரசாங்கத்தின் திட்டம் ஒன்று தொடங்கியது. சட்டமும் திட்டமும் பணத்தைக் கொடுக்கும், ஆளைக் கூட்டும். பெருச்சாளி வளை எங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர் அக்கரையின் கீழ்ப் பயிரிடும் குடியானவர் ஒருவரே.

எனவே, புல் பதிக்க எண்ணும் சங்கத்தார் புல்லைத் தேடிப் புறப்படுமுன் மண்ணைப் பார்க்கக் கடவர். வளையைத் திறந்து நிரப்பி, பள்ளத்தைப் படி வெட்டி இடித்து, மேல்மண்ணை இளக்கிப் பக்குவம் செய்த கரையில் அறுகு தானாகவே படர்ந்துகொள்ளும். ஐப்பசியில் முதல் பெருமழை ஓய்ந்த மறுநாட் காலையில் அங்கத்தினர் சிலர் கரைமீது ஒருமுறை நடந்து, பெயர்ந்த கட்டிகளை உடனே திரும்பப் பதித்துவருவார்களாயின், அவ்வருஷத்துப் பயிரும் அதன்மேல் வாங்கிய கடனும் பத்திரமாகக் கரையேறும்.