நெஞ்சைத் திறக்காமல் இதய வால்வு மாற்றலாமா? முடிவு ஸ்கேன் படத்தில்தான் இருக்கு!

'வயசாயிடுச்சு, அதான் மூச்சு வாங்குது' என்று வீட்டில் ஒதுக்கிவிடும் தொல்லைக்குப் பின்னால் இதய வால்வு கோளாறு இருக்கலாம். தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வு பொருத்தும் 'டாவி' சிகிச்சை இப்போது உண்டு. ஆனால் எல்லோருக்கும் அது சரிப்படாது. தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி போன்ற ஊர்களில் இருந்து பெரிய மருத்துவமனை தேடிப் போகும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

வால்வில் என்ன பிரச்னை?

இதயத்தில் இருந்து உடலுக்கு ரத்தம் கொண்டு போகும் மெயின் குழாய் பெருந்தமனி. அதன் வாசலில் கதவு மாதிரி இருப்பது பெருந்தமனி வால்வு. வயது ஏற ஏற இதில் கால்சியம் படிந்து இறுகும். வழக்கமாக 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும் வால்வு, 1 சதுர செ.மீ.க்கும் கீழே சுருங்கினால் தீவிர நிலை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வந்த பிறகும் வால்வை மாற்றாமல் விட்டால், சுமார் பாதிப் பேர் 2 ஆண்டுகளுக்குள் உயிரிழக்கிறார்கள்.

முதல் டெஸ்ட் எது?

எக்கோ. வலி இல்லை, ஊசி இல்லை. வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கு என்பதை இதுவே காட்டிவிடும்.

அப்புறம் சிடி ஸ்கேன் எதுக்கு?

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் டாக்டர் வால்வை நேரில் பார்த்து அளவெடுக்கலாம். டாவியில் அது முடியாது. அதனால் சாயமருந்து ஏற்றி, இதயத் துடிப்போடு இணைத்து எடுக்கும் சிடி ஸ்கேனில்தான் வால்வு உட்காரும் வளையத்தை அளக்கிறார்கள். வால்வு சின்னதாக இருந்தால் ஓரத்தில் ரத்தம் கசியும். பெரிதாக இருந்தால் வளையமே கிழியலாம். குஜராத்தின் மெரில் நிறுவனம் தயாரிக்கும் 'மைவால்' வால்வு 1.5 மி.மீ. வித்தியாசத்தில் பல அளவுகளில் வருவதில் இருந்தே, ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

தொடை ரத்தக்குழாய் வால்வு நுழையும் அளவுக்கு அகலமா, வளைந்து நெளிந்து இருக்கா என்பதும் இதே ஸ்கேனில் தெரியும். குறுகலாக இருந்தால் வேறு வழி, அல்லது ஓபன் சர்ஜரி.

வயிற்றில் வீக்கம் என்றால்?

பெருந்தமனி வயிற்றுப் பகுதியில் பலூன் போல உப்புவது அனியூரிசம். பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே கண்டுபிடிக்கலாம். புகைப்பழக்கம் உள்ள, 65 வயது தாண்டிய ஆண்கள் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆண்களுக்கு வீக்கம் 5.5 செ.மீ.யை எட்டினால் பொதுவாக சிகிச்சை பரிந்துரைக்கப்படும். உள்ளே ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்கள், கசிவு இருக்கா என்று பார்க்க ஆயுள் முழுவதும் ஸ்கேன் பரிசோதனைக்கு வர வேண்டும்.

எப்போது வந்தது?

வயிற்றுப் பெருந்தமனிக்கான ஸ்டென்ட் கிராஃப்டை அர்ஜென்டினா டாக்டர் ஜுவான் பரோடி 1990-ல் பொருத்தினார். முதல் டாவியை 2002-ல் பிரான்ஸ் டாக்டர் அலைன் கிரிபியே செய்தார்.

கிளம்பும் முன் கவனிக்க...

மாரண்டஹள்ளியில் இருந்து பாலக்கோடு வழியாக தருமபுரி ஒரு பக்கம், ராயக்கோட்டை, ஓசூர் தாண்டி பெங்களூரு இன்னொரு பக்கம். எங்கே போனாலும் இவற்றை மறக்காதீங்க:

* ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது, சிடி அல்லது பென்டிரைவில் முழுப் படங்களையும் கேட்டு வாங்குங்க. புது அளவுகளை அதில்தான் எடுக்க முடியும்.
* சாயமருந்து கிட்னியைப் பாதிக்கலாம். முன்கூட்டியே கிரியேட்டினின் டெஸ்ட் அவசியம்.
* சுகர் மாத்திரை, அலர்ஜி, ஆஸ்துமா பற்றி முதலிலேயே சொல்லிடுங்க.
* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்யுங்க.

படி ஏறும்போது மூச்சு வாங்கினால் முதுமை என்று தள்ளிப் போட வேண்டாம். முதலில் ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.