செல்கள் பேசும் மொழியும் ஒரு தந்தையின் கேள்வியும்

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். மூளை வாதத்தால் நடக்க முடியாத அவருடைய மகனுக்கு ‘ஸ்டெம் செல்’ ஏற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். “நகையை வித்துடலாம்னு வீட்ல சொல்றாங்க ஹஜ்ரத், செய்யலாமா?” என்று கேட்டார். ‘கூடும், கூடாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் கேள்வி அல்ல இது. செல்கள் எப்படி இயங்குகின்றன என்பதைச் சற்று அறிந்த பிறகே இதற்கு விடை காண முடியும்.

நாம் அனைவரும் ஒரே ஒரு செல்லாகத்தான் தொடங்கினோம். அது பெருகும்போது எது கண், எது விரல் என்று தீர்மானமாவது எப்படி? செல்கள் ஒன்றுக்கொன்று இரசாயனச் செய்திகளை அனுப்பிக்கொள்கின்றன. ஒரு செல் வெளியிடும் புரதம் மற்றொரு செல்லின் ஏற்பியில் போய் ஒட்டும். உடனே அந்தச் செல்லுக்குள் சில மரபணுக்கள் விழிக்கும், சில அடங்கும். இதற்கு ‘செல் சமிக்ஞை’ என்று பெயர்.

இத்தகைய செய்திகளில் ஒன்று ‘ஹெட்ஜ்ஹாக்’, அதாவது முள்ளெலி. இந்த மரபணு கெட்டுப்போன பழ ஈயின் புழு முள்ளடர்ந்து காணப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. 1980-இல் இதை வெளியிட்ட நுஸ்லைன்-வோல்ஹார்ட், வீஷாஸ் ஆகிய இருவரும் 1995-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மனிதக் கருவிலும் இதே குடும்பத்துச் செய்தி உண்டு. கையில் எந்த விரல் எங்கே அமைய வேண்டும் என்பதில் அதன் அளவுக்கும் நேரத்துக்கும் பங்குண்டு.

அந்தச் செய்தி தடைபட்டால் என்ன ஆகும்? 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகே காரணம் தெரிந்தது. தாய் ஆடுகள் சினையுற்ற 14-ஆம் நாள் வாக்கில் ஒரு காட்டுச் செடியைத் தின்றிருந்தன. அதிலுள்ள ‘சைக்ளோபமைன்’ என்ற பொருள் ஹெட்ஜ்ஹாக் செய்தியைத் தடுத்துவிடுகிறது என்பது 1998-இல் தெளிவானது.

அதே செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் ஒருவகைத் தோல் புற்றுநோய் உண்டாகிறது. அதை அடக்கும் ‘விஸ்மோடெகிப்’ என்ற மருந்துக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. ஒருவருக்கு மருந்தாவது வயிற்றிலுள்ள சிசுவுக்கு நஞ்சாகிறது.

ஒவ்வொன்றும் ஓர் அளவின்படியே படைக்கப்பட்டதாக அல்கமர் அத்தியாயம் (54:49) உணர்த்துகிறது. கருவின் படிநிலைகளை அல்முஃமினூன் அத்தியாயம் (23:12-14) எடுத்துரைக்கிறது. இந்த வசனங்களில் ஹெட்ஜ்ஹாக் சொல்லப்பட்டிருக்கிறது என்று நாம் வாதிட வரவில்லை. வேதம் உயிரியல் பாடநூல் அல்ல. ஆனால் படைப்பைச் சிந்தித்துப் பார்ப்பவருக்கு அந்த ‘அளவு’ கண்ணில் படாமல் போகாது.

இதில் நம் இல்லங்களுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, கர்ப்ப காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையோ மூலிகையோ எடுக்கக் கூடாது. கடுமையான முகப்பருவுக்குத் தரப்படும் ‘ஐசோட்ரெடினாயின்’ மாத்திரையும் சிசுவின் உறுப்புகளைச் சிதைக்கக் கூடியது. கர்ப்பம் தெரியவரும் முன்பே அந்தப் பாதிப்பு நேர்ந்துவிடலாம். ஆகவே கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, ஸ்டெம் செல்லை உடலில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. ‘நீ நரம்பாகு, இந்த இடத்தில் இணை, இத்தோடு நில்’ என்ற செய்திகளும் அதற்குக் கிடைக்க வேண்டும். அந்த மொழியை மனிதன் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள், இரத்தம் சார்ந்த நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று போன்றவற்றையே நிலைபெற்ற சிகிச்சையாக ஏற்கின்றன. மூளை வாதம் அந்தப் பட்டியலில் இல்லை. மற்றவை முறையான அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வுக்கான செலவை நோயாளியின் தலையில் கட்டவும் கூடாது.

எனவே அந்தச் சகோதரரிடம், “நகையை விற்காதீர்கள். அரசு மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பிள்ளையின் உடற்பயிற்சி சிகிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள்” என்றோம். அவர் முகம் வாடியது. நமக்கும் வருத்தமே. நோய்க்கு மருந்து உண்டு என்ற நபிமொழி நம்பிக்கையூட்டுகிறது; மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன் அதற்குப் பொறுப்பாளி என்ற நபிமொழியும் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

வல்ல ரஹ்மான் அந்தப் பிள்ளைக்கும், நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.