புள்ளி மீனில், மருந்து நீரில்

மார்கழியில் நாலு நாள் குளிர் விழுந்தால் போதும், மீன் தொட்டியில் ஒரு மாற்றம் தெரியும். மோலி மீன் கூழாங்கல்லில் விலாவை உரசிக்கொண்டு ஓடும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். மறுநாள் காலையில் பார்த்தால் வால், செதில் எல்லாம் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

இதுதான் வெண்புள்ளி நோய். இதைக் கொண்டுவருவது ஒரே செல்லாலான ஓர் ஒட்டுண்ணி. பெயர் இக்தியோஃப்தீரியஸ், கிரேக்க மொழியில் 'மீன் பேன்' என்று பொருள். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'இக்' என்பார்கள். பேன் என்றாலும் இது தோலுக்கு மேலே ஊர்வதில்லை. மேல்தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து தின்கிறது. அதனால்தான் தொட்டியில் ஊற்றும் மருந்து அதை எட்டுவதில்லை.

தின்று கொழுத்ததும் மீனை விட்டு உதிரும். கூழாங்கல்லிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். உறை உடைந்து வெளியே நீந்தும் குஞ்சுக்கு இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். உப்பும் மலக்கைட் பச்சை என்ற மருந்தும் அதைக் கொல்வது அந்த இடைவெளியில்தான்.

புள்ளி மறைந்ததும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். காய் முற்றி விதை கீழே விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாளாவது மருந்தைத் தொடர வேண்டும்.

மோலி, கப்பி போன்றவற்றுக்கு நான் முதலில் போடுவது கல்லுப்புதான், லிட்டருக்கு 2 கிராம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும். கல்லுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் 45 லிட்டர். ஆக 90 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்து, தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். செதில் இல்லாத கெளுத்தி வகைகளும் செடிகளும் உப்பைத் தாங்காது. ஹீட்டரில் வெப்பத்தை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றினால் ஒட்டுண்ணியின் சுற்று விரைந்து முடியும். வெந்நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. தங்கமீனுக்கு இந்தச் சூடு ஆகாது. மலக்கைட் பச்சை போடுவதென்றால் ஃபில்டரிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும்.

என் தொட்டி ஒழுக ஆரம்பித்ததும் இப்படியொரு மார்கழியில்தான். மேஜையில் ஈரம் தெரிந்த மூலையில் சிலிக்கானைப் பூசினேன். இரண்டு வாரத்தில் மறுபடி ஈரம். செய்தது இரண்டு தவறுகள். ஒழுகும் நீர் அடிக்கண்ணாடியின் விளிம்போடு ஓடி வேறெங்கோ சொட்டும். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, மூட்டுகள்மேல் டிஷ்யூ காகிதத்தை ஒட்டிவைத்தால் முதலில் நனையும் இடம்தான் ஓட்டை. இன்னொன்று, காய்ந்த சிலிக்கான்மேல் புது சிலிக்கான் ஒட்டாது. உள்பக்கத்துப் பழைய பூச்சை பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் பூச வேண்டும். தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சை பிடிக்காத சிலிக்கானில் மீனைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். மீன் தொட்டிக்கு என்று கேட்டு வாங்குங்கள். பூசியதும் வினிகர் வாடை வரும். அந்த வாடை முழுக்கப் போகும்வரை நீர் ஊற்றக் கூடாது. நான் ஒரு வாரம் விடுவேன்.

கண்ணாடியே விரிசல் விட்டிருந்தால் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுவதே நல்லது. மூட்டைத் தள்ளும் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததல்ல, நீரின் உயரத்தைப் பொறுத்தது. அதனால் வெளியே சமதளத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி நிரப்பி, ஒரு நாள் பார்த்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அடியில் தெர்மாகோல் அட்டை இருக்கட்டும். என் மேஜை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; மூட்டு விட்டதற்கு அதுதான் காரணம்.

அதுவரை மீன்களுக்கு பக்கெட்தான் வீடு. பழைய தொட்டி நீரையே ஊற்றி, ஃபில்டர் பஞ்சைக் கழுவாமல் அதில் போட்டு, ஏர் பம்பை ஓட விடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. பக்கெட்டின் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டி வைக்க மறக்காதீர்கள், மோலி துள்ளும்.